சந்தலி இல்லாத குளிர்காலம்

ஆப்கானிஸ்தானின் நடு மலைநாட்டில் குளிர்காலத்துக்கான வேலையைக் கோடையிலேயே தொடங்கிவிடுவார்கள். பாமியான், தாய்குண்டி, கோர் என்று விரியும் அந்த மேட்டு நிலத்தில், பாமியான் பள்ளத்தாக்கே கடல் மட்டத்துக்கு மேல் 2500 மீட்டர். நம் ஊட்டியைவிடச் சற்றுத்தான் உயரம். ஆனால் கடல் காற்று எட்டாத வடக்கு. மார்கழி பிறந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவது அங்கே அதிசயமில்லை. அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தைச் சில்லா என்ற கணக்கில் எண்ணுவார்கள். டிசம்பர் 21ஐ ஒட்டித் தொடங்கும் நாற்பது நாள் பெரிய சில்லா. அது முடிந்ததும் வரும் இருபது நாள் சின்னச் சில்லா. அந்த அறுபது நாளும் வீட்டில் யாரும் சாகாமல் கடப்பதற்காகத்தான் மற்ற பத்து மாதமும் உழைப்பு.

கோடையில் பெண்கள் சாணத்தைத் தட்டிக் காயவைப்பார்கள். சிறுவர்கள் கழுதையை ஓட்டிக்கொண்டு சரிவுகளில் ஏறி முட்புதர்களை வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். மண்வீட்டின் தட்டையான கூரைமேல் அந்தக் கட்டுகள் சுவர்போல ஏறும். யார் வீட்டுக் கூரையில் எவ்வளவு விறகு இருக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் எப்படிப் போகும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தயிரை வடித்து, உப்பிட்டு, உருட்டிக் காயவைத்த குரூத் ஒரு பக்கம். உலர்ந்த முசுக்கொட்டைப் பழத்தை இடித்துச் செய்த தல்கான் இன்னொரு பக்கம். வசதி உள்ள வீடுகளில் ஆட்டை அறுத்து உப்பிட்டுத் தொங்கவிட்ட லாந்தி. கொழுப்பும் இனிப்பும் உப்பும் நிறைந்த இந்த உணவுகள் சுவைக்காக மட்டும் செய்யப்பட்டவை அல்ல. உடம்புக்குள் எரிய வேண்டிய விறகையும் அவர்கள் முன்கூட்டியே சேர்த்துவைத்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வீட்டின் அமைப்பே பாதிப் பாதுகாப்பு. முழ அளவுக்கும் மேற்பட்ட கனத்தில் குழைத்த மண்ணைப் படுகை படுகையாக வைத்து எழுப்பிய சுவர், சின்னச் சன்னல், தாழ்ந்த கூரை. பழைய வீடுகள் பலவற்றில் தவாகானா என்றொரு அறை இருந்தது. அதன் தரை கல் பாவியது. கல்லுக்கு அடியில் ஒரு பாதை ஓடும். ஒரு முனையில் சமையலுக்காக மூட்டிய அடுப்பின் புகையும் வெப்பமும் அந்தப் பாதை வழியே அறையைக் கடந்து மறுமுனைச் சுவரில் உள்ள புகைபோக்கியில் வெளியேறும். ரொட்டி வேகும்போதே தரையும் சூடாகும். இரவு முழுக்க அந்தக் கல் வெப்பத்தை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். தவழும் குழந்தையும் படுத்திருக்கும் கிழவியும் அந்த அறையில்தான் இருப்பார்கள்.

தவாகானா இல்லாத வீட்டில் சந்தலி. நடுவே ஒரு தாழ்வான மரமேசை. அதன் அடியில் மன்கல் எனப்படும் கணப்புச்சட்டி. மேசைக்கு மேலே நான்கு பக்கமும் தரையில் புரளும் ஒரு பெரிய பஞ்சுமெத்தைப் போர்வை. சுற்றிலும் மெத்தைகள். குடும்பம் முழுவதும் கால்களைப் போர்வைக்குள் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரும். சாப்பாடு, கதை, கணக்குப் பாடம், தூக்கம் எல்லாம் அதே இடத்தில். ஒரு அறையில், ஒரு சட்டிக் கரியில், பத்துப் பேர் இரவைக் கழித்துவிடுவார்கள். வீட்டையே சூடாக்க முயலாமல் உடம்பிருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கும் சிக்கனம் இது. விறகு அரிதான நாட்டில் இதைவிட அறிவான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. ஆபத்தும் இருந்தது. கரி சரியாகச் சிவக்காமல் உள்ளே போனால் அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். தூக்கத்தில் உருண்ட பிள்ளையின் கால் சட்டியில் படும். அதனால் கரியை வெளியே நன்றாகக் கனியவிட்டு, மேலே சாம்பல் தூவி, பிறகே பெரியவர்கள் உள்ளே வைப்பார்கள்.

அப்போது பனி பகையாகவும் இருக்கவில்லை. காபூலில் பொன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பனி இல்லாமல் போகக்கூடாது என்பது அந்த நகரத்தின் பழமொழி. மலையில் விழும் பனிதான் அடுத்த கோடையின் ஆற்றுநீர். முதல் பனி விழும் நாளில் பர்ஃபி என்று ஒரு விளையாட்டு உண்டு. நண்பர் வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். வாங்கியவர் விருந்து வைக்க வேண்டும். சீட்டுக் கொண்டுவந்தவனைப் பிடித்துவிட்டால் அனுப்பியவர் விருந்து வைக்க வேண்டும். குளிர் மாகாணங்களில் பள்ளிக்கூட ஆண்டே மார்ச்சில் தொடங்கிப் பனிக்கு முன் முடிந்துவிடும். மூன்று மாதம் விடுமுறை. பிள்ளைகளைக் கடுங்குளிரில் நடக்கவிடாத அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

இன்னொரு கூட்டம் குளிரை எதிர்கொள்வதை விட்டு விலகிப் போனது. கூச்சி எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் இலையுதிர்காலத்தில் மந்தையோடு ஜலாலாபாத்துக்கும் அதற்கும் கீழே சிந்துச் சமவெளிக்கும் இறங்கினார்கள். ஆப்கன் வணிகர்கள் உலர்பழமும் பெருங்காயமும் சுமந்து கல்கத்தா வரை வந்தார்கள். தாகூர் 1892இல் எழுதிய ‘காபூலிவாலா’ கதையின் நாயகன் அப்படி வந்தவர்களில் ஒருவன். 1961இல் பாகிஸ்தானுடனான எல்லை மூடப்பட்டபோது மேய்ப்பர்களின் இந்தப் பழைய குளிர்கால வழி அடைபடத் தொடங்கியது. குழந்தைகளைக் காத்த ஏற்பாடுகளில் முதலில் உடைந்தது இதுதான்.

இதையெல்லாம் சொல்லி, அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்தால் அது பொய். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை அறுபதுக்கும் கீழே. அடுப்புப் புகை நிறைந்த அந்த அறைகளில் நிமோனியா ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளைக் கொண்டுபோனது. 1971, 72இல் மழையும் பனியும் பொய்த்தபோது கோர் மாகாணம் பஞ்சத்தில் விழுந்தது. மந்தைகள் செத்தன, விதை தானியம் தின்று தீர்ந்தது, பின்னாலேயே குளிர்காலம் வந்தது. தலைநகரிலிருந்து தானியம் போய்ச் சேர்வதற்குள் கிராமங்களில் பெரும் சாவு நடந்து முடிந்துவிட்டது. மன்னர் ஸாஹிர் ஷா 1973 ஜூலையில் பதவியிழந்ததற்கு அந்தப் பஞ்சத்தில் அரசு காட்டிய அலட்சியமும் ஒரு காரணம். ஏற்பாடு உள்ள வீட்டுப் பிள்ளை பிழைத்தது, ஏற்பாடு குலைந்த வீட்டுப் பிள்ளை செத்தது என்பது அன்றும் உண்மைதான்.

1979 டிசம்பர் கடைசியில் சோவியத் படை வந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டில் அறுபது லட்சம் பேர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் ஓடினார்கள். தொண்ணூறுகளில் காபூலையே உள்நாட்டுப் போர் இடித்துத் தள்ளியது. வீட்டை விட்டு ஓடுகிறவர் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கோடை முழுக்கத் தட்டிய வறட்டியையும், கூரைமேல் அடுக்கிய விறகையும், முழக் கனத்துச் சுவரையும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. போர் மரங்களையும் தின்றது. பாத்கிஸ் மாகாணத்தின் பிஸ்தா காடுகளும் குனார் மாகாணத்தின் தேவதாரு காடுகளும் பத்தாண்டுக் கணக்கில் வெட்டப்பட்டன. அமைதி திரும்பிய இடங்களில்கூட மக்கள் திரும்பி வந்தபோது வெட்ட விறகு இல்லை. அந்த நாட்டின் குழந்தைகளைக் குளிரிடம் ஒப்படைத்தது இப்படி நாற்பதாண்டுகளாக நடந்த ஒரு கலைப்பு. வெப்பமானி காட்டும் எண்ணைப் பற்றிய செய்திகளில் இது வருவதே இல்லை.

கலைந்தவர்களைக் காக்க நிவாரணம் என்று ஒன்று வந்தது. அது முதலில் என்ன செய்தது என்பதற்கு ஹெராத் ஓர் உதாரணம். 2000, 2001இல் வறட்சியும் போரும் விரட்டிய குடும்பங்கள் அந்த நகரைச் சுற்றிய முகாம்களில் குவிந்தன. 2001 ஜனவரிக் கடைசியில் சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரை போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விறைத்துச் செத்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகளும் முதியவர்களும். கூடாரம் கிடைக்காதவர்கள் தரையில் குழி தோண்டி, மேலே துணியைப் போட்டுப் படுத்திருந்தார்கள்.

அந்தக் காலத்து நிவாரணம் என்றால் போர்வை. உலகெங்கும் பேரிடர் நடக்கும் இடங்களுக்குப் போன மலிவுக் கம்பளிப் போர்வைகளில் பெரும்பங்கு நம் ஹரியானாவின் பானிபட்டில் நெய்யப்பட்டது. மேலைநாடுகள் கழித்த பழைய கம்பளிச் சட்டைகளைக் கிழித்து, நூலாக்கி, மறுபடி நெய்த சாம்பல் நிறப் போர்வை அது. கனம் அதிகம், நனைந்தால் காய நாளாகும், துவைத்தால் நைந்துபோகும். ஆனாலும் பல நாட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் குளிரில் கிடைத்த ஒரே உறை அதுதான். இன்று அந்த இடத்தைப் பாலியஸ்டர் இழையில் செய்த மெத்தென்ற ஃபிளீஸ் போர்வை பிடித்துவிட்டது. எடை குறைவு, சூடு அதிகம், சீக்கிரம் உலரும். எந்த அளவு வெப்பத்தைத் தடுக்கும் என்று சோதித்துத் தரம் பிரித்தே வாங்குகிறார்கள். மாற்றம் நல்லதுதான். ஆனால் போர்வையின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் அது வெப்பத்தை உண்டாக்காது. உடம்பில் உண்டாகும் வெப்பத்தைப் பிடித்துவைக்க மட்டுமே செய்யும். உடம்பில் வெப்பம் உண்டாகாத குழந்தையை நல்ல போர்வையும் காக்காது. நிவாரணத்துறை இதை உணர வெகுகாலம் ஆயிற்று.

குழந்தையின் உடம்பைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட மிக அதிகம். உள்ளிருக்கும் சூடு அந்த அளவுக்கு வேகமாக வெளியேறும். பெரியவர்கள் நடுங்கிச் சூடு உண்டாக்குவார்கள். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. கழுத்துக்குப் பின்னாலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பு மிகக் குறைவு. பட்டினியில் மெலிந்த குழந்தைக்கு எரிப்பதற்கு எதுவுமே மிச்சமில்லை. அதனால்தான் கடும் ஊட்டக்குறைவில் வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த சிகிச்சைப் படிகளில் முதலாவது இரத்தச் சர்க்கரை இறங்காமல் பார்ப்பது, இரண்டாவது உடல் குளிராமல் பார்ப்பது. இரண்டும் சேர்ந்தே வரும். பசித்த குழந்தை குளிரும். குளிர்ந்த குழந்தை பால் குடிக்கும் தெம்பையும் இழக்கும். இரவில் ஒரு வேளை உணவு தவறினால் விடியும்போது உடம்பு சில்லிட்டிருக்கும். ஆகவே குளிர்கால நிவாரணத்தில் முதல் பொருள் உணவு. குரூத்தையும் தல்கானையும் கோடையில் சேர்த்துவைத்த பெண்கள் இதை அறிவியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

காபூலுக்கு 2012 வந்தது. பத்து ஆண்டுகளாக உலகம் அந்த நாட்டில் கோடிகோடியாய்ப் பணம் கொட்டியிருந்தது. அதே நகரத்தின் ஓரத்தில் சாராஹி கம்பார் போன்ற முகாம்களில் மண்சுவரும் கிழிந்த தார்ப்பாயும் கொண்ட குடிசைகள். அங்கே இருந்தவர்களில் பலர் தெற்கே ஹெல்மந்திலிருந்து சண்டைக்குப் பயந்து வந்தவர்கள். ஹெல்மந்து தாழ்ந்த, வெதுவெதுப்பான ஊர். காபூல் 1800 மீட்டர் உயரம். அவர்களுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. சந்தலிக்குக் கரி வாங்கக் காசும் இல்லை. 2012 ஜனவரி, பிப்ரவரியில் அந்த முகாம்களில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் குளிரில் செத்தார்கள். தூதரகங்களும் உதவி அலுவலகங்களும் நிறைந்த தலைநகரில், சாலை வசதி உள்ள இடத்தில். சாலையும் பள்ளியும் கட்டும் நீண்டகாலத் திட்டங்களுக்குப் பணம் இருந்தது. ஒரு மூட்டைக் கரிக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இதை விபத்து என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழந்தைகள் காக்கப்பட்டிருக்கலாம்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, வேலை செய்யும் முறை மாறியது. இன்று குளிர்கால உதவி என்று சொல்லும்போது பல பொருள்களும் பல வேலைகளும் சேர்ந்த ஒன்றையே சொல்கிறார்கள். கூடாரத்துக்குள் இன்னொரு துணிக்கூடு, அடுப்புக் குழாய் வெளியேறத் தீப்பிடிக்காத துவாரம், ஈரம் ஏறாத தரைவிரிப்பு எல்லாம் வந்துவிட்டன. தரைவிரிப்பைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. படுத்திருக்கும் உடம்பின் சூட்டை உறைந்த மண் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே இரண்டாவது போர்வை தருவதைவிட அடியில் ஒரு கனத்த விரிப்புத் தருவது பல சமயம் அதிகம் காக்கும். முகாமில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் வேண்டும் என்பது நிவாரணத்துறையின் பொது அளவு. குளிர் நாடுகளில் சமையலும் விளையாட்டும் உள்ளேயே நடக்கும் என்பதால் அதை 4.5 முதல் 5.5 சதுர மீட்டராக உயர்த்திவிட்டார்கள்.

பொருளுக்குப் பதில் பணமாகத் தருவதும் பெருகியது. இலையுதிர்காலத்திலேயே கையில் பணம் கிடைத்தால் விறகு வாங்குவதா, மாவு வாங்குவதா, உடைந்த சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதா என்று அந்தத் தாயே முடிவு செய்வாள். ஒரு காலத்தில் தன் கூரைக்கு எவ்வளவு விறகு வேண்டும் என்று தானே கணக்குப் போட்டவளுக்கு அந்தக் கணக்கைத் திருப்பிக் கொடுப்பது இது. மலை மாவட்டங்களுக்குப் பனிக்கு முன்பே மாவும் எண்ணெயும் கொண்டுபோய் அடுக்கிவைக்கும் வழக்கம் வந்தது. காபூலை வடக்கோடு இணைக்கும் சலாங் கணவாய்ச் சுரங்கம் 3400 மீட்டர் உயரத்தில் 1964இல் திறக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் அங்கே விழுந்த பனிச்சரிவுகள் 160க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. ஜனவரியில் லாரி அனுப்பி உதவலாம் என்ற எண்ணத்தை அந்த மலைகள் ஒவ்வோர் ஆண்டும் மறுக்கின்றன. 2008இல் பனிப்புயலும் கடுங்குளிரும் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் 900க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பல மாவட்டங்களுக்கு உதவி போய்ச் சேரவே முடியவில்லை.

மருத்துவத்தில் நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது. 2003இல் தொடங்கிய அடிப்படைச் சுகாதாரத் திட்டத்தில் கிராமத்துக்கு ஒரு ஆண், ஒரு பெண் எனத் தன்னார்வச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்றுக்கொள்ளும் ஒரு பாடம் அதில் உண்டு: மூச்சை எண்ணுவது. இருமும் குழந்தை இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்டதாய் இருந்து நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் 40 முறையோ அதற்கு மேலோ விட்டால், நிமோனியா என்று கருதி மருந்து தொடங்க வேண்டும். தண்ணீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரை, ஐந்து நாள். விலை மிகக் குறைவு. பனி மூடிய ஊரில், மருத்துவமனைக்கு ஒரு நாள் நடை உள்ள இடத்தில், ஒரு பெண் ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்ப்பது ஒரு உயிரைக் காக்கும். ஆயிரத்துக்கு முந்நூறு சாவு அறுபதுக்குக் கீழ் இறங்கியதில் தடுப்பூசிக்கும் இப்படிப்பட்ட பெண்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தாயின் மார்பே வெப்பப்பெட்டி என்பது இன்னொரு பாடம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரேயும் எக்டர் மார்ட்டினெஸும் தொடங்கிய கங்காரு முறை அது. குழந்தையை வெற்றுடம்போடு தாயின் மார்பில் தோலோடு தோலாக வைத்துக் கட்டி, மேலே துணியால் போர்த்துவார்கள். பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. ஆப்கன் வீடுகளில் பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து தனியே, கைகால் அசையாமல் இறுகச் சுற்றித் தொட்டிலில் போடுவதே வழக்கம். அன்புதான் அதற்குக் காரணம். ஆனால் எடை குறைந்த குழந்தைக்குத் தொட்டில் குளிர்ந்த இடம். மின்சாரம் போகும் ஊரில், எரிபொருள் இல்லாத வீட்டில், தாயின் உடம்பு மட்டும் அணைவதில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்றைய நிலை ஏன் மோசமாகிறது? 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்ததும் அமெரிக்காவில் இருந்த ஏறத்தாழ 700 கோடி டாலர் ஆப்கன் மைய வங்கிப் பணம் முடக்கப்பட்டது. வங்கிகளில் பணம் இல்லை, சம்பளம் இல்லை. 2022 டிசம்பர் 24 அன்று, பெரிய சில்லா தொடங்கிய சில நாளில், பெண்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யக்கூடாது என்று தாலிபான் உத்தரவிட்டது. அந்தச் சமூகத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தாயோடு பேசி, குழந்தையின் சட்டையைத் தூக்கி மூச்சைப் பார்க்க வேற்று ஆணால் முடியாது. கணவனை இழந்தவள் எந்தக் குடிசையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பதும் பெண்தான். அந்தப் பெண்ணை வீட்டில் அடைத்ததும் உதவியின் கை வெட்டப்பட்டது. சேவ் த சில்ட்ரன், கேர், நார்வே அகதிகள் கவுன்சில் மூன்றும் மறுநாளே பணியை நிறுத்தின. இரண்டு வாரம் கழித்து, 2023 ஜனவரி 10 அளவில், பதினைந்து ஆண்டில் இல்லாத குளிர் இறங்கியது. கோர் மாகாணத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி. 160க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் கால்நடைகள் மடிந்தன. அவையே அந்தக் குடும்பங்களின் அடுத்த ஆண்டுப் பால், சாணம், கம்பளி எல்லாம். சுகாதாரப் பணியில் உள்ள பெண்களுக்குப் பிறகு ஓரளவு விலக்குக் கிடைத்தது. தடை நீங்கவில்லை. குழந்தைகளைக் காக்கும் பெண்களைத் தடுத்த அந்த உத்தரவைக் கொடுமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அதன் பிறகு ஒவ்வோர் இலையுதிர்காலமும் வீடிழந்தவர்களைக் கூட்டிக்கொண்டே வருகிறது. 2023 அக்டோபரில் ஹெராத்தில் அடுத்தடுத்து நிலநடுக்கம். மண்வீடுகளுக்குள் இருந்த பெண்களும் குழந்தைகளுமே செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர். முன்பு குளிரைத் தடுத்த அதே கனத்த மண்சுவர் அவர்கள்மேல் விழுந்தது. பிழைத்தவர்கள் அந்தக் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். அதே மாதம் பாகிஸ்தான் ஆவணமற்ற ஆப்கானியர்கள் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. லட்சக்கணக்கானோர் தோர்காம் எல்லை வழியே, சில மூட்டைகளோடு, குளிர் தொடங்கும் நேரத்தில் வந்து இறங்கினார்கள். 2025இல் ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் திரும்பியவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 31 அன்று குனாரில் இன்னொரு நிலநடுக்கம் 2000க்கும் மேற்பட்டோரைக் கொன்று மலைக்கிராமங்களைத் தரைமட்டமாக்கியது. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே, மிகப் பெரிய கொடையாளியாக இருந்த அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியது. நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் மூச்சை எண்ணத் தெரிந்த பெண்கள் இருந்த நிலையங்களும் உண்டு.

நகரத்துக் குழந்தைகளின் கதை இன்னொரு விதம். எழுபதுகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இருந்த காபூலில் இன்று ஐம்பது லட்சம். அதன் குன்றுகளில் ஏறியிருக்கும் வீடுகளில் நிலக்கரி வாங்க வழியில்லாதவர்கள் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கிறார்கள். குப்பையில் அதைப் பொறுக்கி வருவது பிள்ளைகளின் வேலை. குளிர்காலத்தில் காபூல் பள்ளத்தாக்கின் காற்று அசையாமல் நிற்கும். அந்த நச்சுப் புகை மேலே போகாது. இந்தியாவின் உதவியோடு அமைந்த இந்திராகாந்தி குழந்தைகள் மருத்துவமனைதான் நகரத்தின் பெரிய குழந்தைகள் மருத்துவமனை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே ஒரு கட்டிலில் இரண்டு மூன்று குழந்தைகள் மூச்சுத்திணறலோடு படுத்திருப்பார்கள். குளிரிலிருந்து காக்க மூட்டிய நெருப்பே அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும்.

எது செய்தால் இந்தக் குழந்தைகள் பிழைக்கும் என்பது இன்று நன்றாகத் தெரிந்த ஒன்று. புதிய கண்டுபிடிப்பு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பு குடும்பம் தன் கையால் செய்த ஆயத்தத்தை, வீடிழந்த குடும்பத்துக்காக மற்றவர்கள் சேர்ந்து, அதே பருவத்தில் செய்ய வேண்டும். இது நடக்காததற்குப் பெரிய காரணம் காலம் தவறுவதுதான். பனியில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் படம் ஜனவரியில் வெளியாகும். பார்த்தவர்கள் மனமிரங்கிப் பணம் அனுப்புவார்கள். அந்தப் பணம் விறகாகவும் மாவாகவும் மாறி மலையேற வழி இருக்காது.

பெரிய நாடுகளின் கொடையும் இதே தாமதத்தோடுதான் வருகிறது. அதை மாற்ற நம்மால் ஆகாமல் போகலாம். நம் கையில் இருப்பதை நாம் மாற்றலாம். இதைப் படிப்பவர்களில் யுனிசெஃப் போன்ற அமைப்புகளுக்குச் சிறு தொகையாவது தருகிற பழக்கம் உள்ளவர்கள் இருப்பீர்கள். இந்த ஆண்டு தை மாதம் வரை காத்திருக்காதீர்கள். ஆடியிலோ ஆவணியிலோ, நம் ஊரில் வெயில் இன்னும் காயும்போதே தந்துவிடுங்கள். குளிர்காலத்துக்கு என்று குறிப்பிட்டே தாருங்கள். பாமியானையும் கோரையும் சுற்றியுள்ள மேட்டுப் பாதைகளைப் பனி நவம்பரிலிருந்தே மூடத் தொடங்கிவிடும்.